காப்பீடு என்னும் சாக்கு

“மன வியாதிக்கு வைத்தியம் பார்க்கிறதெல்லாம் இன்ஷூரன்ஸ் இருக்கிறவங்களுக்கு. நமக்குக் கட்டுப்படியாகுமா?” கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் இது கேள்வியாகக் கேட்கப்படுவதில்லை, தீர்ப்பாகச் சொல்லப்படுகிறது. இரவெல்லாம் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மகனைப் பற்றி அம்மா சொல்கிறார். வேலைக்குப் போவதையே விட்டுவிட்ட அண்ணனைப் பற்றித் தம்பி சொல்கிறான். நூறு கிலோமீட்டர் தள்ளி, பெங்களூர்க் கருத்தரங்குகளில் இதே கருத்து கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறது: மனநல மருத்துவம் ஏழைகளை எட்டாததற்குக் காரணம் காப்பீடு இல்லாததுதான், அதை எல்லோருக்கும் விரித்துவிட்டால் சிக்கல் தீரும். திண்ணையின் சலிப்பும் மேடையின் பரிந்துரையும் நிற்பது ஒரே அடித்தளத்தில்தான்: கையில் அட்டை இருந்தால்தான் மனசுக்கு மருந்து. அந்த அடித்தளம் தவறு. அந்தத் தவறுக்கு விலையாக உயிர்கள் போகின்றன.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் குறையாமல் வைத்துவிடலாம். பெங்களூரில் தனியார் மனநல மருத்துவர் ஒருவரை ஒருமுறை பார்க்க ஆயிரம், இரண்டாயிரம் ஆகிவிடுகிறது. ஆலோசகரிடம் வாராவாரம் உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் ஏறக்குறைய அதே தொகை வாராவாரம். தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் வீட்டு நகை அடகுக்கடைக்குப் போகும். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை மூடியபோது தங்கவயலுக்குச் சம்பளத்தோடு கம்பெனி ஆஸ்பத்திரியும் இல்லாமல் போயிற்று. அதற்குப் பின் தலையெடுத்த தலைமுறை விடியுமுன் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து, உரிகம், கோரமண்டல், பங்காருபேட்டை தாண்டி, பெங்களூரில் கட்டட வேலைக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் துணிக்கடைக்கும் போய், இருட்டிய பிறகு திரும்புகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு என்பது விதி. கான்ட்ராக்டர் பெயரைப் பதிந்தால்தானே விதி வேலை செய்யும்? இப்படிப்பட்ட ஒருவரிடம் “மனநலம் பேணுவோம்” என்று சுவரொட்டியை நீட்டுவது கேலி. இத்தனையும் உண்மை. இதிலிருந்து எடுக்கப்படும் முடிவோடுதான் என் சண்டை.

ஒன்று. காப்பீடு கட்டிலுக்குப் பணம் தரும், நாற்காலிக்குத் தராது.

மனநோய்க்கும் உடல்நோய்க்கும் காப்பீட்டில் பேதம் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 21இல் சொல்லிவிட்டது. சட்டம் 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. அதற்குப் பிறகும் பணம் மறுக்கப்பட்டதால் ஒரு பெண் டெல்லி உயர் நீதிமன்றம் போய், 2021இல் நேஷனல் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புப் பெற்றார். பெரிய வெற்றிதான். ஆனால் அந்த வெற்றி நந்திதுர்க் வீட்டுக்கு என்ன கொண்டுவரும்? வழக்கமான பாலிசி, நோயாளி ஆஸ்பத்திரியில் ஒரு நாளாவது படுத்தால்தான் கண்ணைத் திறக்கும். ஐந்து லட்சம் ரூபாய் என்று விளம்பரம் செய்யப்படும் ஆயுஷ்மான் அட்டையும் அப்படியே: வெளிநோயாளியாகப் போய்ப் பார்த்துவரும் சிகிச்சை அதன் கணக்கில் இல்லை.

மனநோய் வைத்தியத்தின் பெரும்பகுதியோ வெளிநோயாளி வைத்தியம். மனச்சோர்வு, படபடப்பு, பயம், திரும்பத் திரும்பக் கை கழுவ வைக்கும் எண்ணச்சுழல், குடிப்பழக்கத்தில் பெரும்பங்கு எல்லாம் மருத்துவருக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் தீர வேண்டியவை. கால் மணி நேரப் பேச்சு, ஒரு மாத மாத்திரை, அடுத்த மாதம் மறுபடி அதே நாற்காலி. மனச்சிதைவு நோயாளிகூட வாழ்நாளில் மிகச் சில வாரங்களே கட்டிலில் இருப்பார், மீதி ஆண்டுகளெல்லாம் மாதாந்திரச் சீட்டுதான். இவருக்கு ஆஸ்பத்திரிப் படுக்கைக்கான காப்பீட்டைக் கொடுப்பது, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவன் கையில் வெள்ள நிவாரண டோக்கனைத் திணிப்பது.

இதன் பின்விளைவு இன்னும் மோசம். படுத்தால்தான் பணம் என்று விதி வைத்தால், படுக்க வைப்பதற்கு ஆள் தேடும் ஆஸ்பத்திரிகள் வரும். வீட்டோடும் ஊரோடும் இருந்தபடியே சிகிச்சை பெற வேண்டும், சேர்ப்பது விதிவிலக்காக இருக்க வேண்டும் என்று எழுதிய சட்டத்தின் தலையில் காப்பீடு கல்லைப் போடும். தனியார் பாலிசி வாங்கப் போனால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று ஆண்டுவரை காத்திரு என்பார்கள். நோயை மறைத்தால் பின்னால் பணம் வராது, சொன்னால் பாலிசியே வராமல் போகலாம்.

இஎஸ்ஐ வேறு மாதிரிதானே என்று கேட்கலாம். ஆம், அது வெளிநோயாளியையும் பார்க்கும். ஏனென்றால் அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு டிஸ்பென்சரியும் சம்பளத்துக்கு ஒரு மருத்துவரும் மருந்து அலமாரியும் இருக்கின்றன. தங்கவயலுக்கு இது யாரும் கற்றுத்தர வேண்டிய பாடமல்ல. கம்பெனி இருந்த காலத்தில் எந்தத் தொழிலாளியின் பையிலும் பாலிசி இருந்ததில்லை. கை நசுங்கினாலும் மனைவிக்குப் பிரசவ வலி வந்தாலும் போக ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே மனசுக்கு விசேஷ கவனிப்பு இருந்ததென்று நான் பழம்பெருமை பேச வரவில்லை. பாறை வெடிப்பில் பக்கத்திலிருந்தவனைப் பறிகொடுத்து, அடுத்த ஷிஃப்டுக்கு அதே சுரங்கத்தில் இறங்கியவனின் தூக்கத்தைப் பற்றி அந்தக் காலத்தில் யார் கேட்டார்கள்? நான் சொல்வது வைத்தியம் எந்த உருவத்தில் வந்தது என்பதைப் பற்றி. அது கட்டடமாகவும் ஆளாகவும் வந்தது.

இரண்டு. காசில்லாதவருக்கு இலவசம் என்று சட்டமே சொல்லியிருக்கிறது. யாரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

2017 சட்டத்தின் 18ஆம் பிரிவு இந்த நாட்டின் மருத்துவச் சட்டங்களில் அபூர்வமானது. அரசு நடத்தும் அல்லது அரசுப் பணத்தில் நடக்கும் இடங்களில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று அது தொடங்குகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அங்கே எந்தக் கட்டணமும் கூடாது, அவரிடம் பிபிஎல் அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. சட்டம் எழுதியவர்கள் அந்த “இல்லாவிட்டாலும்” என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டிருக்க வேண்டும், ஏழையை வாசலில் நிறுத்தும் முதல் ஆயுதம் அட்டைதான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேலே உள்ள எல்லா அரசு ஆஸ்பத்திரிகளிலும் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இது ஏழைக்கு மட்டும் என்றுகூட இல்லை, நோயாளி எல்லோருக்கும். நோயாளி நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டிய நிலை வரக்கூடாது. மாவட்டத்தில் குறைந்தபட்ச சேவை இல்லையென்றால், மாவட்டத்துக்குள் வேறிடத்தில் சிகிச்சை பெறும் செலவை அரசு ஏற்க வேண்டும்.

சட்டம் ஏட்டில் இருக்கிறது, நடப்பில் இல்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் நம் வாயிலிருந்து வர வேண்டிய வாக்கியம் என்ன? “என்னிடம் இன்ஷூரன்ஸ் இல்லை” என்பதா, “நீங்கள் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை” என்பதா? முதல் வாக்கியத்தில் குறை நோயாளியின் மேல் விழுகிறது. இரண்டாவதில் அது விழ வேண்டிய இடத்தில் விழுகிறது. ஊர் முழுக்க முதல் வாக்கியத்தையே சொல்லிக்கொண்டிருப்பது அரசுக்கு எவ்வளவு சௌகரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்று. மருந்து விலை என்பது பெரும்பாலும் பூச்சாண்டி.

ஃபுளுவாக்ஸெடின், எஸ்சிடலோபிராம், ரிஸ்பெரிடோன், லித்தியம் எல்லாம் இன்று காப்புரிமைத் தடை இல்லாத பழைய மருந்துகள். உலகம் முழுவதும் பெரும்பாலான நோயாளிகள் இவற்றிலும் இவற்றின் உறவுக்கார மருந்துகளிலும்தான் தேறுகிறார்கள். மக்கள் மருந்தகத்தில் சில ரூபாய்க்குக் கிடைப்பதையே பளபளப்பான பெயரில் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். மலிவு மாத்திரை வேலை செய்யாது என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. காசைக் கொட்டினால்தான் வைத்தியம் என்று பழகிவிட்டோம். மருந்து அடிமைப்படுத்திவிடும் என்பவர்களுக்கு ஒரே பதில்: மருத்துவர் சொல்லாமல் கடைகளில் வாங்கி விழுங்கும் தூக்க மாத்திரைக்கு அந்தப் பயம் பொருந்தும். மேலே சொன்னவை அந்த ரகமல்ல.

நான்கு. “நிம்ஹான்ஸ் இருக்கிறதே, பிறகென்ன?”

இதைச் சொல்பவர்கள் முதல் கருத்தின் எதிரிகள்போலத் தோன்றுவார்கள். உண்மையில் இரு தரப்பும் ஒரே பிழையைச் செய்கிறார்கள்: செலவு என்றால் டாக்டர் ஃபீஸ் மட்டும் என்று கணக்கிடுகிறார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு. மைசூர் சமஸ்தானத்தின் மனநோய் ஆஸ்பத்திரியும் 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிலையமும் 1974இல் இணைந்து பிறந்தது அது. இந்தியாவில் இந்தத் துறைக்கு அதைவிடப் பெரிய பெயர் கிடையாது. ஏழைக்கு அங்கே சிகிச்சை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடக்கிறது. சரி. நந்திதுர்க்கிலிருந்து அங்கே போவதற்கு என்ன ஆகும்?

நோயாளி தனியாகப் போக முடியாது, துணைக்கு ஒருவர் வேண்டும். இருவரும் அன்று கூலியை இழப்பார்கள். விடிகாலை ரயிலில் நிற்கக்கூட இடமிருக்காது, அதில் கூட்டத்தைக் கண்டாலே நடுங்கும் ஒருவரை ஏற்ற வேண்டும். இறங்கி பஸ் மாற வேண்டும், சீட்டு வரிசை, கோப்பு வரிசை, மருத்துவர் வரிசை, மருந்து வரிசை. சாப்பாடு வெளியே. வீடு திரும்பும்போது இருட்டிவிடும். ரயில் டிக்கெட் மலிவுதான், ஆனால் இரண்டு பேரின் ஒரு நாள் கூலி அந்த டிக்கெட்டைப் போலப் பல மடங்கு. இது மாதாமாதம். முதல் மாதம் பயத்தில் போவார்கள். இரண்டாம் மாதம் கடமைக்குப் போவார்கள். மூன்றாம் மாதம் நோயாளி கொஞ்சம் தேறியிருப்பார், “இப்போ நல்லாத்தானே இருக்கான்” என்று பயணம் நிற்கும், மாத்திரையும் நிற்கும். சில மாதங்களில் நோய் திரும்பும். அப்போது ஊர் சொல்லும்: “நிம்ஹான்ஸுக்கே போயும் சரியாகலை.”

இது என் ஊகமல்ல. நிம்ஹான்ஸே 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோயாளிகள் உள்ள குடும்பங்கள் சிகிச்சைக்கும் அதற்கான பயணத்துக்குமாக மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை கைக்காசைச் செலவிடுவதாகச் சொன்னது. நோய்க்கு நோய் வித்தியாசப்பட்டாலும், சிகிச்சை தேவைப்படுபவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்கு அது கிடைக்கவில்லை என்றும் சொன்னது. அந்த ஆய்வுக்கு முன்னோட்டம் பார்த்த மாவட்டம் எது தெரியுமா? நம் கோலார்தான். கேள்வித்தாளை நம்மிடம் சரிபார்த்துக்கொண்டு போனார்கள். விடை இன்னும் வரவில்லை.

விடை தெரியாமலும் இல்லை. 1980களிலேயே பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் நிம்ஹான்ஸ் பயிற்சி கொடுத்து, மனநோயாளிகளை அந்தந்த ஊரிலேயே பார்க்க முடியும் என்று காட்டியது. அதைப் பார்த்துத்தான் 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நாடு முழுதுக்கும் வகுக்கப்பட்டது. பின்னால் ஷிவமொக்கா மாவட்டம் தீர்த்தஹள்ளியில், மனச்சிதைவு நோயாளிகளை அவர்கள் ஊரிலேயே தேடிப் பிடித்து, மருந்தும் தொடர் கவனிப்பும் கொடுத்து, பலரை மறுபடி வேலைக்கு அனுப்பினார்கள். கர்நாடகம் உலகத்துக்குக் காட்டிய வழி இது. 2014இல் மாநில அரசு ‘மனோசைதன்யா’ என்று ஒரு திட்டம் அறிவித்தது: செவ்வாய்க்கிழமைகளில் மனநல மருத்துவர் தாலூகா ஆஸ்பத்திரிக்கு வருவார். தங்கவயலும் ஒரு தாலூகாதான்.

கோலாரிலிருந்து தங்கவயலுக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். 1902இல், பெங்களூரே எண்ணெய் விளக்கில் இருந்த நாளில், காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பூமிக்குள்ளே தங்கம் இருந்தது, அதனால் தூரம் யாருக்கும் தூரமாகத் தெரியவில்லை. இன்று பூமிக்கு மேலே மனிதர்கள் மட்டும் இருக்கிறார்கள், வாரம் ஒரு மருத்துவர் முப்பது கிலோமீட்டர் வருவது நிர்வாகச் சிக்கலாகிவிடுகிறது.

ஐந்து. பேச்சு வைத்தியம் பணக்காரர் சமாச்சாரமல்ல.

ஆங்கிலம் பேசும் ஆலோசகர், மெத்தை போட்ட அறை, மணிக்கணக்கில் கட்டணம் என்றுதான் கவுன்சலிங் நம் மனதில் பதிந்திருக்கிறது. சினிமா செய்த வேலை. உலகத்தில் நடந்திருப்பது வேறு. ஜிம்பாப்வேயின் ஹராரேயில் 2006இல் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், ஒரு பேட்டையின் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வாசலில் ஒரு மரப்பெஞ்சில் உட்கார வைத்தார். பெஞ்சில் பாட்டியோடு பேசியவர்களுக்கு வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட நோய்க்குறிகள் தெளிவாகக் குறைந்தன என்பது 2016இல் முறையான ஆய்வாக வெளிவந்தது. பாகிஸ்தானின் கிராமங்களில் ஆதிஃப் ரஹ்மான் குழு, பேறுகாலத்துச் சோர்வில் இருந்த பெண்களுக்கு அங்கிருந்த பெண் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டே சிகிச்சை கொடுத்து 2008இல் முடிவை வெளியிட்டது. கோவாவில் விக்ரம் படேலும் சங்காத் அமைப்பும் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலத்தில் பட்டமே இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறிலிருந்து எட்டு அமர்வுகளில் கடும் மனச்சோர்வைக் குறைத்துக் காட்டினார்கள். அது லான்செட் இதழில் 2017இல் வந்தது.

இந்த ஆய்வுகளை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். நாலு மொழி பேசும் ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் இங்கே இருக்கிறார்கள். எந்த வீட்டில் யார் சாப்பிடவில்லை என்று அறிந்த மகளிர் சங்கத்து அக்காமார்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், சங்கம் கட்டி வளர்ந்த ஊர் இது, ஆளைத் திரட்டத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். குறைவது பயிற்சியும் மேற்பார்வையும் மாதச் சம்பளமும். சம்பளம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் அரசாங்கங்கள் “சேவை மனப்பான்மை” என்று இழுத்துக்கொண்டு வரும். ஆஷாக்களின் தலையில் ஏற்கெனவே ஏற்றிய மூட்டை போதும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனசைப் பற்றிப் பேசும்போது மனிதருக்குத் தாய்மொழிதான் வரும். “தலைக்குள்ள காந்துது”, “நெஞ்சு திக்குதிக்குன்னுது”, “ஒண்ணுலயும் புடிப்பில்லை” என்று தமிழில் சொல்வதை இன்னொரு மொழியில் மருத்துவர் குறிப்பதற்குள் பாதி உதிர்ந்துவிடும். பக்கத்து வீட்டு ஆள் பயிற்சி பெற்று உட்கார்ந்தால் அந்த உதிர்வு இல்லை.

ஆறு. செலவழிக்க வழியில்லை என்பவர்கள் ஏற்கெனவே செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தூக்கம் வரவில்லை என்று ஒருவர் முதலில் போவது மனநல மருத்துவரிடம் அல்ல. நெஞ்சு படபடப்புக்கு ஈசிஜி, தலைவலிக்கு ஸ்கேன், பசியின்மைக்கு டானிக், அசதிக்கு ஊசி. ஒவ்வொரு தனியார் கிளினிக்கிலும் “எல்லாம் நார்மல்” என்ற சீட்டோடு ஐந்நூறும் ஆயிரமும் போகிறது. முன்னாள் சுரங்கத் தொழிலாளி என்றால் இன்னும் சிக்கல்: நுரையீரலில் பாறைத்தூசி உண்மையாகவே இருக்கும். மூச்சிரைப்பு எது, பயத்தால் வரும் மூச்சுமுட்டல் எது என்று பிரித்துப் பார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை. பிறகு கயிறு, தாயத்து, பரிகாரம், நேர்த்திக்கடன். நம்பிக்கையை நான் பழிக்கவில்லை, கோயிலுக்கும் சர்ச்சுக்கும் தர்காவுக்கும் போய் ஆறுதல் பெறுபவர்கள் பெறட்டும். ஆனால் அதுவும் செலவுதான், அதற்கு யாரும் இன்ஷூரன்ஸ் கேட்பதில்லை. குடியைச் சேர்த்தால் கணக்கு நோட்டே போதாது. 2007இல் கர்நாடகம் சாராயத்தைத் தடைசெய்தது, மனச்சோர்வைக் குடித்து மறக்கும் பழக்கம் அதற்கடுத்த விலையுள்ள பாட்டிலுக்கு மாறியது, அவ்வளவுதான்.

இன்னொரு மறைமுகச் செலவும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் என்று பயந்து, தனியார் நர்சிங் ஹோமில் கேட்ட காசைக் கொடுத்து மூடிமறைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பயத்துக்கு இப்போது இடமில்லை. அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்று 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய குற்றவியல் சட்டத்தில், பழைய சட்டத்தின் 309ஆம் பிரிவு போல அந்த முயற்சியையே குற்றமாக்கும் பிரிவு கிடையாது. இதை லைனுக்கு லைன் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும்.

“நமக்கெதுக்கு” என்ற சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எண்கள் இருக்கின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். தங்கச் சுரங்கம் மூடிய அதே 2001ஆம் ஆண்டு, ஆகஸ்ட் 6 விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றி 28 மனநோயாளிகள் சங்கிலியில் கட்டப்பட்டபடியே எரிந்து இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டுவந்த குடும்பங்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஊரில் மாத்திரையும் ஆளும் இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள்?

ஆக, நான் காப்பீட்டுக்கு எதிரியா? இல்லை. சேர்த்தே ஆக வேண்டிய நேரங்கள் உண்டு, அப்போது அது உதவட்டும். ஆனால் ஓர் ஊர் தன் ஒரே கோரிக்கையாக அட்டையைக் கேட்டால், அட்டைதான் கிடைக்கும். புகைப்படத்தோடு, முதல்வர் படத்தோடு, முகாம் போட்டுக் கொடுப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு போக ஊரில் ஓர் அறை இருக்காது.

கேட்க வேண்டியது வேறு. ராபர்ட்சன்பேட்டை அரசு ஆஸ்பத்திரியில், அறிவித்த கிழமையில், அறிவித்த நேரத்தில் மனநல மருத்துவர். அவர் வராத நாட்களில் மருந்தைப் புதுப்பித்துக் கொடுக்கப் பயிற்சி பெற்ற பொது மருத்துவர். மருந்து தீர்ந்துவிட்டது என்று வெளியே எழுதிக்கொடுக்காத மருந்தறை. நந்திதுர்க், சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம், ஆண்டர்சன்பேட்டை ஒவ்வொன்றிலும் சம்பளம் பெறும் ஓர் உள்ளூர் ஆலோசகர். பெங்களூர் வேலைக்குப் போகிறவர்கள் வந்து பார்க்க, ஞாயிறோ மாலையோ ஒரு நேரம். தங்கவயல் போன்ற ஊருக்கு இந்தக் கடைசிக் கோரிக்கை இல்லாமல் மற்றவை பாதிதான் பயன்படும், பகலில் இங்கே நோயாளியே இருக்கமாட்டார்.

இவை வரும்வரை கையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண் 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. இரவும் பகலும், கட்டணமில்லாமல், தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தவர் இந்தக் கட்டுரையை முடிக்கக் காத்திருக்க வேண்டாம், இப்போதே கூப்பிடட்டும், அல்லது பக்கத்திலிருப்பவர் கூப்பிட்டுக் கொடுக்கட்டும். போன் மாத்திரை தராது, எங்கே போக வேண்டும் என்று சொல்லும். மாவட்டத் தலைநகரில் எஸ்.என்.ஆர். ஆஸ்பத்திரி இருக்கிறது. அதை ஒட்டிய டமகாவில் தேவராஜ் அர்ஸ் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆந்திர எல்லை தாண்டி குப்பத்தில் பிஇஎஸ் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூன்றும் நிம்ஹான்ஸைவிடப் பக்கம். நோய் நீடித்து வேலை செய்ய முடியாமல் போனவருக்கு, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மனநோயும் ஓர் இயலாமையே. நாற்பது சதவீதச் சான்றிதழ் வாங்கினால் மாத உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

மருந்து இல்லை என்றால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை விண்ணப்பம் போடுங்கள், பிபிஎல் குடும்பத்துக்கு அந்தப் பத்து ரூபாயும் கிடையாது. மூன்று கேள்வி போதும்: கடந்த ஓராண்டில் தங்கவயல் அரசு ஆஸ்பத்திரிக்கு மனநல மருத்துவர் வந்த தேதிகள் எவை, அத்தியாவசியப் பட்டியலிலுள்ள மனநல மருந்துகளில் எவை எத்தனை நாள் இருப்பில் இல்லை, 18ஆம் பிரிவை நிறைவேற்ற இந்தத் தாலூகாவுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு. முப்பது நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.